பொக்கம் போரா! தீம் பார்க்குக்குக் கிளம்பும் முன் எல்லாரும் கேட்கிற கேள்விகள்

எங்கள் வீட்டுக்காரர் பொள்ளாச்சியில் டெம்போ டிராவலர் ஓட்டுகிறார். வண்டி அவருடையது, போன் என்னுடையது. ஏப்ரல் பிறந்தால் போதும், மலம்புழா, அதிரப்பள்ளி, கொச்சி என்று கேரளப் பக்கம் பிள்ளைகளைக் கூட்டிப் போக வண்டி கேட்டுக் கூப்பிடுவார்கள். வாடகை பேசி முடித்த கையோடு அடுத்த கேள்வி வரும்: "அக்கா, சின்னவனை ரைடுல விடுவாங்களா?" ஒருத்தருக்கு அரை மணி நேரம் என்று பதில் சொல்லிச் சொல்லி வாய் வலித்துவிட்டது, அதனால் எழுதி வைக்கிறேன். நான் எந்தப் பார்க்கிலும் வேலை செய்பவள் இல்லை. இரண்டு பிள்ளைகளின் அம்மா, பாதிப் பயணங்களில் வண்டியிலேயே கூடப் போகிறவள், அவ்வளவுதான்.

எங்க பையனுக்கு ஆறு முடிஞ்சிருச்சு. எல்லாத்துலயும் ஏறலாம்ல?

வயதை யாரும் கேட்பதில்லை. ஆதார் கார்டைக் காட்டினாலும் பார்க்க மாட்டார்கள். ரைடு வாசலில் ஒரு பலகை நிற்கும், அதில் ஒரு கோடு இருக்கும், தலை கோட்டைத் தொட்டால் உள்ளே, தொடாவிட்டால் வெளியே. நம் பக்கத்துப் பார்க்குகளில் நான் அதிகம் பார்த்த கோடுகள் இரண்டு. ஒன்று 120 செ.மீ., இன்னொன்று 140 செ.மீ. தலைகீழாகச் சுற்றுவது, உச்சிக்குக் கொண்டுபோய்த் தொப்பென்று கீழே விடுவது, இந்த மாதிரி பயங்கரங்களுக்குத்தான் பெரும்பாலும் 140. ரைடுக்கு ரைடு மாறும், அதனால் வாசலில் எழுதியிருப்பதுதான் கணக்கு.

அடியில் சொன்னால் 120 என்பது நாலு அடிக்கு ஒரு முக்கால் அங்குலம் குறைவு, 140 என்பது நாலடி ஏழு அங்குலம். உலக சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி அட்டவணைப்படி 5 வயதுப் பிள்ளையின் நடுத்தர உயரம் 110 செ.மீ. பக்கம், 7 வயதில் 121, 10 வயதில் 138. ஆக, ஆறு முடிந்த பையன் 120ஐத் தொடுவதே சந்தேகம், பத்து முடிந்தவனும் 140க்கு எட்டாமல் நிற்கலாம். அதில் ஒரு குறையும் இல்லை. இந்த வயதில் வருஷத்துக்கு ஐந்தாறு செ.மீ. வளர்வார்கள், இப்போது 112 என்றால் இன்னும் ஒன்றரை வருஷம் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

அதென்ன உயரக் கணக்கு? என் மக பயப்படவே மாட்டா.

பயத்துக்கும் அந்தக் கோட்டுக்கும் சம்பந்தமே இல்லை. அது இருக்கைக்கும் உடம்புக்கும் உள்ள பொருத்தம். சொல்லிப் புரிய வைக்க நான் ஒரு வேலை செய்வேன். வீட்டில் ஒரு பெஞ்சில் அப்பாவையும் பிள்ளையையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வையுங்கள். ஒரு உலக்கையையோ துடைப்பக் கம்பையோ இருவர் மடிமேலும் குறுக்கே வையுங்கள். கம்பு அப்பாவின் தொடையில் முட்டி நின்றுவிடும். பிள்ளையின் தொடைக்கும் கம்புக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி என்று பாருங்கள். எங்கள் வீட்டில் அந்தச் சந்தில் ஒரு தலையணையே போனது. இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே கம்பி இறங்குகிற ரைடில் நடப்பது இதேதான். வண்டி மேட்டைத் தாண்டி இறங்கும்போது உடம்பு இருக்கையைவிட்டு ஒரு நொடி எழும்பும் பாருங்கள், வயிற்றுக்குள் ஜில்லென்று ஏறுமே, அந்த நொடியில் பெரியவரைக் கம்பி பிடித்துக்கொள்ளும். பிள்ளையைப் பிடிக்க அங்கே ஒன்றும் இருக்காது.

தோளுக்கு மேலாக இறங்கும் வகை வேறு. அது தோளில் உட்கார வேண்டும். சின்ன உடம்பு என்றால் கழுத்தோரம், காதோரம் வந்து நிற்கும், ஒவ்வொரு திருப்பத்திலும் தலை அதில் இடிக்கும். அல்லது இடுப்பு முன்னால் வழுக்கி, உடம்பு அடி வழியாக நழுவப் பார்க்கும். கால் தரையில் எட்டாததால் ஊன்றித் தடுக்கவும் முடியாது.

இதோடு தலை கனம் வேறு. பிறந்த குழந்தைக்குத் தலை உடம்பு நீளத்தில் நாலில் ஒரு பங்கு, வளர்ந்தவருக்கு ஏழெட்டில் ஒரு பங்குதான். ஆறேழு வயது இதற்கு நடுவில் எங்கேயோ இருக்கிறது, கனமான தலை, மெல்லிய கழுத்து, வலு வராத தசை. சடாரென்று திரும்பும் ரைடில் அதைக் கழுத்தால் தாங்க முடியாது. தைரியம் கழுத்துக்குக் காப்பு ஆகாது.

உயரம் போதும் என்றால் எல்லாம் சரி என்றும் இல்லை. 2022ல் அமெரிக்காவின் ஆர்லாண்டோவில் உயரத்திலிருந்து விழும் ஒரு ரைடில் 14 வயதுப் பையன் நழுவி விழுந்து இறந்தான். அவன் உயரம் குறைந்தவன் இல்லை, அந்த ரைடுக்கு உண்டான எடை வரம்பைத் தாண்டியவன், இருக்கையின் பிடி அவனுக்குச் சரியாக மூடாமலே ரைடு கிளம்பியிருக்கிறது. அதனால் எடையைக் கேட்டாலும் கோபப்படாதீர்கள். கம்பி இறங்கியதும் பூட்டு விழுந்துவிட்டதா என்று நீங்களே ஒரு தடவை மேலே இழுத்துப் பாருங்கள். பிள்ளையின் தொடையில் படவில்லை என்றால் கையைத் தூக்கி ஆபரேட்டரைக் கூப்பிடுங்கள். மானம் போகாது.

ரெண்டு சென்டிமீட்டர்தானே குறையுது, ஏதாச்சும் பண்ண முடியாதா?

பண்ணியிருக்கிறோம், அதனால் சொல்கிறேன். நாலு வருஷத்துக்கு முன்னால், என் தம்பி தன் மகனுடைய ஷூவுக்குள் கர்ச்சீப்பை நாலாக மடித்து வைத்துக் கூட்டிப்போனான். பையனுக்கு 118. ஆபரேட்டர் பெண் பையனைப் பார்க்கவே இல்லை, ஷூவைப் பார்த்தாள். "செருப்பு ஊரிக்கோ" என்றாள். கர்ச்சீப் வெளியே விழுந்தது. வரிசையில் நின்ற எல்லாரும் பார்க்க, என் தம்பி அதை எடுத்து நெற்றி வேர்வையைத் துடைத்துக்கொண்டான், வேறென்ன செய்வான். பையன்தான் பாவம், அப்பா செய்த திருட்டுத்தனத்துக்கு அவன் அழுதான்.

உச்சிக் கொண்டை போடுவது, குதிகாலைத் தூக்கச் சொல்லிக் கொடுப்பது எல்லாம் அவர்கள் தினம் நூறு பார்க்கிறார்கள். கொண்டையைக் கையால் அமுக்கிவிட்டுத்தான் அளப்பார்கள். அந்த 2 செ.மீ.க்காக நாம் ஏமாற்றுவது ஆபரேட்டரை இல்லை, அந்தக் கம்பியை. கம்பிக்கு என்ன தெரியும்?

வீட்டிலேயே அளந்துட்டுப் போனா சரியா இருக்குமா?

இருக்கும், ஆனால் சாயங்காலம் அளந்து பாருங்கள். முதுகெலும்புகளுக்கு நடுவில் இருக்கும் மெத்தைகள் இரவு படுத்திருக்கும்போது உப்பி, பகலெல்லாம் நடக்க நடக்க அமுங்கும். காலையில் எழுந்ததும் இருக்கும் உயரம் சாயங்காலம் ஒரு செ.மீ. வரை குறையும். காலையில் 120 என்று குதித்துக்கொண்டு போய், மதியம் மூணு மணிக்கு 119 என்று திரும்பி வந்த குடும்பம் எங்கள் வண்டியிலேயே உண்டு.

செருப்பில்லாமல், குதிகால் சுவரில் ஒட்ட, பார்வை நேராக. தலைமேல் ஒரு கெட்டி அட்டைப் புத்தகத்தைச் சுவரோடு சேர்த்து வைத்துப் பென்சிலால் கோடு போட்டு, டேப்பால் அளக்க வேண்டும். தையல் டேப் பழசானால் நீண்டுவிடும், ஆசாரி வைத்திருக்கும் இரும்பு டேப் நல்லது. அந்தக் கோட்டுக்குப் பக்கத்திலேயே 120க்கும் 140க்கும் இரண்டு கோடு போட்டுவிடுங்கள். எது கிடைக்கும், எது கிடைக்காது என்பதைப் பிள்ளை நம் வீட்டுச் சுவரில் தெரிந்துகொள்வது, நூறு பேர் நடுவில் தெரிந்துகொள்வதைவிட எவ்வளவோ மேல்.

டிக்கெட்டுக்கும் உயரம்தானா?

பல இடங்களில் ஆமாம். கொச்சி வொண்டர்லாவில் 85 செ.மீ.க்குள் இருந்தால் இலவசம், 85லிருந்து 140 வரை சிறுவர் டிக்கெட் என்று நாங்கள் போனபோது இருந்தது. இங்கேதான் நம் ஆட்களின் திறமையைப் பார்க்க வேண்டும். கவுண்டரில் "கொஞ்சம் குனிஞ்சு நில்லு கண்ணு" என்று சொன்ன அதே வாய், ரைடு வாசலில் "நல்லா நிமிந்து நில்லு சாமி" என்னும். பிள்ளை எதை நம்பும்?

நான் மடியில வெச்சுக்கறேன்னு சொன்னா?

மாட்டார்கள். விடவும் கூடாது. வேகமாகத் திரும்பும்போது பிள்ளையின் எடை கையில் இரண்டு மூன்று மடங்காகத் தெரியும், எந்த அம்மாவின் பிடியும் அதற்குத் தாங்காது. "பெரியவர் துணையோடு" என்று எழுதியிருந்தால் பக்கத்து இருக்கையில் பெரியவர் உட்கார வேண்டும் என்று அர்த்தம், மடியில் இல்லை. அக்காவாக வரும் பன்னிரண்டு வயதுப் பெண் பெரியவர் கணக்கில் வருவாளா என்பதை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

எங்க பாப்பாவுக்கு வண்டில போனாலே வாந்தி. ரைடு ஏத்தலாமா?

ஆழியாறு தாண்டி வால்பாறைக்கு ஏறும் 40 கொண்டை ஊசி வளைவையும் தூங்காமல், எலுமிச்சம்பழம் மோக்காமல் தாண்டுகிற பிள்ளை என்றால் தைரியமாக ஏற்றுங்கள். ஒன்பதாம் வளைவிலேயே பாலிதீன் கவர் கேட்கிற பிள்ளை என்றால் ஒரே இடத்தில் சுற்றும் ரைடுகளைத் தவிருங்கள். கண் ஒன்று சொல்ல, காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு வேறொன்று சொல்ல, மூளை குழம்பி வயிற்றைப் பிடிக்கிறது, அவ்வளவுதான் விஷயம். இரண்டு வயதுக்குள் இது அரிது, ஒன்பது பத்து வயதில்தான் உச்சம், பிறகு பலருக்குத் தானே குறைந்துவிடும். விந்தை என்னவென்றால், மேலும் கீழும் போகும் ரோலர் கோஸ்டரைத் தாங்குகிற பிள்ளை டீ கப் மாதிரி சுற்றுவதில் கவிழ்ந்துவிடும்.

வெறும் வயிற்றில் கூட்டிப் போகாதீர்கள், புரோட்டாவும் குருமாவும் ஏற்றியும் கூட்டிப் போகாதீர்கள். இரண்டு இட்லி, முக்கால் மணி நேர இடைவெளி. மாத்திரை கொடுப்பதென்றால் டாக்டரைக் கேட்டு. பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கொடுத்ததையே வாங்கிக் கொடுக்காதீர்கள், சில வாந்தி மாத்திரைகள் சின்னக் குழந்தைகளுக்கு ஆகாது.

உயரம் இருக்கு, ஆனா பயப்படுறான். ஏறினா பயம் தெளிஞ்சிரும்ல?

தெளியாது. சில பேருக்குப் பயம் இன்னும் கூடும், அதுவும் வருஷக்கணக்கில். எங்கள் வண்டியில் வந்த ஒரு அப்பா, "ஆம்பளப் பையன் இதுக்குப் போயி அழுவாங்களா" என்று தூக்கிக்கொண்டு போய் உட்கார வைத்தார். திரும்பி வரும் வழியில் குதிரான் மலைச் சுரங்கச் சாலைக்குள் மற்ற பிள்ளைகள் எல்லாம் ஓ என்று கத்தி எதிரொலி கேட்டுக்கொண்டிருக்க, அந்தப் பையன் மட்டும் காதைப் பொத்திக்கொண்டு சீட்டுக்கடியில் இருந்தான்.

சின்னதில் தொடங்குங்கள். ரைடு இரண்டு சுற்று ஓடுவதை வெளியே நின்று பார்க்க விடுங்கள், இறங்கி வருகிறவர்கள் முகத்தையும் பார்க்கட்டும். ஊஞ்சல் மாதிரி ஆடும் கொலம்பஸ் கப்பலில் நடு வரிசை ஆட்டம் குறைவு, இரண்டு நுனியும்தான் வானத்துக்குப் போகும். ரோலர் கோஸ்டரிலும் கடைசிப் பெட்டி சாட்டை மாதிரி இழுக்கும், முதல் தடவைக்கு நடுப்பெட்டி போதும். கடைசி நிமிஷத்தில் "வேண்டாம்மா" என்றால் சரி, இறங்கிவிடுங்கள். கம்பி இறங்குவதற்கு முன் சொன்னால் எந்த ஆபரேட்டரும் திட்ட மாட்டார்.

தண்ணி விளையாட்டுக்குப் பயமில்லையே? அது சின்னப் பிள்ளைகளுக்குத்தானே?

எனக்கு இதில்தான் பயம் அதிகம். இரும்பு ரைடில் ஒரு ஆபரேட்டர் ஒவ்வொரு பிள்ளையாகப் பார்த்து விடுகிறார். அலைக் குளத்தில் இருநூறு பேர், அத்தனை தலையும் ஒரே மாதிரி. மணி அடித்ததும் அலை கிளம்பும், முழங்கால் தண்ணீர் நெஞ்சுக்கு வரும், சின்னப் பிள்ளைக்கு அது மூக்கு. தண்ணீரில் மூழ்குகிற பிள்ளை கத்தாது, கையை ஆட்டிக் கூப்பிடாது, சத்தமே வராது. அதனால் எட்டிப் பிடிக்கிற தூரத்தில் ஒரு பெரியவர் இருக்க வேண்டும். கரையில் செல்போனோடு உட்கார்ந்து பார்த்துக்கொள்கிற கதை வேண்டாம். லைஃப் ஜாக்கெட் கேட்டு வாங்குங்கள், கக்கத்துக் கீழே பக்கிள் இறுக்கிப் போட்டு, தோள்பட்டையில் பிடித்துத் தூக்கிப் பாருங்கள், ஜாக்கெட் மட்டும் மேலே வந்து காதை மறைத்தால் அது பெரிய சைஸ்.

சறுக்குகளுக்கும் உயரக் கோடு உண்டு. கீழே வந்து விழும் இடத்தில் நின்று எழ முடிய வேண்டும், கையைக் கட்டி, காலைப் பின்னி, தலை தூக்காமல் வரச் சொன்னால் கேட்க வேண்டும். பாதி வழியில் எழுந்து உட்காரும் வயதுப் பிள்ளைக்கு அது ஆகாது.

பருத்தித் துணியோடு விட மாட்டார்கள், நைலான் உடைதான். அங்கே வாடகைக்கும் விலைக்கும் கிடைக்கும், ஆனால் பொள்ளாச்சியிலேயே வாங்கிப் போனால் காசு மிச்சம். மதியம் சிமென்ட் தரை தோசைக்கல் மாதிரி இருக்கும், பிள்ளைக்கு ரப்பர் செருப்பு மறக்காதீர்கள்.

பொண்ணுகளுக்கு ஏதாச்சும் தனியா பாக்கணுமா?

முடி. நீளச் சடையை மடித்துக் கட்டி, ஹேர்பேண்டுக்குள் செருகிவிடுங்கள். துப்பட்டாவை லாக்கரில் வைத்துவிடுங்கள். கோ-கார்ட்டில் முடி சக்கரப் பக்கம் சிக்கி உயிரே போன சம்பவங்கள் நம் நாட்டில் நடந்திருக்கின்றன. விசேஷ வீட்டுக்குப் போகிற மாதிரி மல்லிகைச் சரமும் கொலுசும் போட்டுக் கூட்டி வருகிறார்கள் சிலர். கொலுசு தொலைந்தால் நாள் முழுக்க அதே பேச்சு.

நம்ம ஊர் திருவிழா ராட்டினத்துல யாரும் அளக்கறதே இல்லையே?

அதனால்தான் அங்கே இன்னும் ஜாக்கிரதை. இதை ஊர்ப்பெயர் சொல்லாமல் சொல்கிறேன். ஒரு திருவிழாப் பொருட்காட்சியில் என் மகளை, அப்போது நாலு வயது, கொலம்பஸில் ஏற்றினேன். டிக்கெட் கிழித்தவர் அவளைக் கணக்கிலேயே எடுக்கவில்லை, "சின்னக் குழந்தைக்குக் காசு வேண்டாங்க்கா" என்றார், எனக்கு அது பெரிய மனசாகத் தெரிந்தது. கப்பல் உச்சிக்குப் போய் நின்று திரும்பும்போது அவள் இருக்கையில் இல்லை, கம்பிக்கு அடியில் வழுக்கிக்கொண்டிருந்தாள். என் வலது காலை அவள் இடுப்புக்குக் குறுக்கே போட்டு எதிர்ப் பலகையில் ஊன்றிக்கொண்டேன். நிறுத்தச் சொல்லிக் கத்தினேன், எல்லாரும்தான் கத்துகிறார்கள், என் கத்தல் மட்டும் யாருக்குக் கேட்கும்? இறங்கியபோது என் முழங்காலில் ஆணி கிழித்த தடம். அவள் "இன்னொரு தடவைம்மா" என்றாள்.

அங்கே கோடு போட ஆள் இல்லை என்றால் கோட்டை நாமே மனதில் கொண்டுபோக வேண்டும். டோரா டோரா, பிரேக் டான்ஸ் என்று சுழற்றி எடுக்கும் ராட்டினங்கள், கொலம்பஸ் மூன்றும் சின்னப் பிள்ளைகளுக்கு வேண்டாம். தரையோடு சுற்றும் கார், டிராகன் ரயில் போதும். ஏறும் முன் அந்த ராட்டினத்தைச் சுற்றி ஒரு நடை நடந்து பாருங்கள். செங்கல் முட்டுக் கொடுத்திருந்தாலோ, கம்பிக்குப் பதில் கயிறு கட்டியிருந்தாலோ பஞ்சுமிட்டாய் வாங்கிக் கொடுத்துக் கூட்டி வந்துவிடுங்கள்.

பெரியவ ஏறலாம், சின்னவன் ஏற முடியாது. எப்படிச் சமாளிக்கறது?

இரண்டு பெரியவர்கள் இல்லாமல் போகாதீர்கள். ஒருவர் ஏறுகையில் ஒருவர் சின்னவனோடு. வெளிநாட்டுப் பார்க்குகளில் இப்படி மாறி மாறி ஏறுகிறவர்கள் மறுபடி வரிசையில் நிற்க வேண்டியதில்லை என்று ஒரு ஏற்பாடே உண்டு. இங்கே அப்படி இல்லாவிட்டாலும் கூட்டமில்லாத நாளில் கேட்டுப் பார்க்கலாம். சின்னவனுக்கு அந்த நேரத்தில் வேறு ஏதாவது "அவனுடையது" இருக்க வேண்டும், ஐஸ்கிரீமோ குட்டி ரயிலோ. அக்கா ஏறுவதை அவன் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தால் அழுகைதான்.

இன்னொன்று, கேரள எல்லையில் இருக்கும் கோபாலபுரம் செக்போஸ்ட் தாண்டியதும் நம் ஊர் ஆண்களில் சிலருக்குக் கள்ளுக்கடை ஞாபகம் வரும். குடித்திருந்தால் ரைடில் ஏற்ற மாட்டார்கள், அப்புறம் அந்த இரண்டாவது பெரியவர் வெறும் பை தூக்கத்தான்.

யார் யார் ஏறவே கூடாது?

கர்ப்பிணிகள், இதய நோய், அதிக ரத்த அழுத்தம், முதுகு கழுத்துப் பிரச்சினை, சமீபத்தில் ஆபரேஷன் ஆனவர்கள். பிள்ளைகளில் வலிப்பு உள்ளவர்கள், இதயத்தில் ஓட்டை என்று பார்த்துக்கொண்டிருப்பவர்கள், எலும்பு முறிந்து, கட்டுப் பிரித்துச் சில வாரமே ஆனவர்கள். டவுன் சின்ட்ரோம் உள்ள சில பிள்ளைகளுக்குக் கழுத்தின் மேல் எலும்புகள் தளர்வாக இருக்கலாம், டாக்டர் சொல்லாமல் ஏற்றவே வேண்டாம்.

சிங்கப்பூர் போறோம், அங்கயும் இதே கோடா?

எண் மாறும், கறார் இன்னும் கூடும். யுனிவர்சல் ஸ்டுடியோஸில் மம்மி ரைடுக்கு 122 செ.மீ., பேட்டில்ஸ்டார் கேலக்டிகாவுக்கு 125. பிளைட் டிக்கெட் போடும் முன்பே வீட்டுச் சுவரில் அளந்துவிடுங்கள்.

வாசல்ல திருப்பி அனுப்பிட்டா பிள்ளைகிட்ட என்ன சொல்றது?

"அந்த ஆள் மோசம்" என்று மட்டும் சொல்லாதீர்கள். மலையாளத்தில் உயரத்தைப் பொக்கம் என்பார்கள், "பொக்கம் போரா" என்றால் உயரம் பத்தாது. அதைச் சொல்லும்போது பெரும்பாலும் சிரித்துக்கொண்டேதான் சொல்வார்கள், நாம் சண்டைக்குப் போனால்தான் முகம் மாறும்.

என் மகளுக்கு ஒன்பது வயதில் 131 செ.மீ. வீட்டுச் சுவரில் சொல்லித்தான் கூட்டிப்போனேன், இருந்தாலும் 140 கோட்டுப் பலகைக்கு அடியில் போய் நின்று பார்த்தாள். அந்த ஆபரேட்டர் குனிந்து, "அடுத்த கொல்லம் வா மோளே" என்றார். கொல்லம் என்றால் அவர்களுக்கு வருஷம். இவள் அழாமல் வந்து, வண்டியில் ஏறியபின், "ஏம்மா, அது கொல்லத்துலயும் இருக்கா? இவ்ளோ தூரம் எதுக்கு வந்தோம்?" என்று கேட்டாள். எங்கள் வீட்டுக்காரர் சிரித்த சிரிப்பில் வண்டியை எடுக்கவே ஐந்து நிமிஷம் ஆனது.

இந்த மே மாதம் போனோம். 141. அளந்தார்கள், கை காட்டினார்கள், கேட் திறந்தது. அவள் அந்த ரைடு உச்சியில் போய்த் தலைகீழாக நிற்பதை ஒரு சுற்று முழுக்கப் பார்த்தாள். பிறகு அவரிடம் திரும்பி, "அடுத்த கொல்லம், சேட்டா" என்று சொல்லிவிட்டு என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.